பொன்னிறப் பூச்சு (கைவினை)

பொன்னிறப் பூச்சு என்பது கண்ணாடிப் போத்தல், தகர டப்பா, அட்டைப்பெட்டி, கொட்டாங்கச்சி, பழைய படச்சட்டம் முதலிய கழிவுப் பொருட்களுக்குத் தங்க நிறம் ஏற்றி வீட்டு அலங்காரப் பொருட்கள் செய்யும் கைவினை ஆகும். இதில் பொதுவாகத் தங்கம் சிறிதும் இருப்பதில்லை. எனவே செலவு குறைவு.

நிறமிகள்

மலிவான பொன்னிறத் தூள் பெரும்பாலும் பித்தளையே. அதில் செம்பு மிகுந்தால் நிறம் சிவக்கும். துத்தநாகம் மிகுந்தால் மஞ்சளாகும். செம்பு காற்றாலும் ஈரத்தாலும் கறுக்கும் இயல்புடையது. ஆதலால் மேலே வார்னிஷ் பூசாத பொருள் நாளடைவில் மங்கிப் பழுப்பேறுகிறது. மற்றொரு வகை நிறமி, மைக்காச் செதில்களின் மீது தைட்டானியம் டைஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் மெல்லிய படலமாகப் படிந்தது. இதில் செம்பு இல்லாமையால் கறுப்பதில்லை. மைக்காவுக்குத் தமிழில் காக்காய்ப்பொன் என்றும் பெயர் உண்டு என்பது இங்கே பொருத்தமாக அமைகிறது.

திருமண அழைப்பிதழ்களிலும் இனிப்புப் பெட்டிகளிலும் மின்னுவது பெரும்பாலும் மஞ்சள் சாயப் படலத்தின் அடியில் உள்ள அலுமினியம். அதனை வெட்டி ஒட்டினால் பூச்சே தேவையில்லை.

செய்முறை

போத்தலின் தாளை வெந்நீரில் ஊறவைத்து நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். வழவழப்பான பரப்பை உப்புத்தாளால் தேய்க்காவிடில் பூச்சு உரிந்துவிடும். முதலில் காவி நிறம் பூசி உலர்த்துவது நல்லது. பொன்னிறம் விட்டுப்போன இடங்கள் அப்போது வெளுத்துத் தெரியாது. முழுவதும் பூசுவதைவிட விளிம்புகளில் மட்டும் பூசுவதே எடுப்பாக இருக்கும்.

பாதுகாப்பு

உலர்ந்த தூளைக் கையாளும்போது முகக்கவசம் தேவை. உணவு படும் உட்புறத்தில் பூசலாகாது. புளிப்புப் பொருட்கள் செம்பைக் கரைக்கும்.