கரைவலையும் கணினியும்



பாசிக்குடாப் பக்கத்துக் கடற்கரைகளிலே கரைவலை இழுக்கும் காட்சி நம்மிற் பலருக்கும் பழகியதொன்று. மண்டாடி ஏவுகின்றார், கயிற்றைப் பற்றியோர் இழுக்கின்றனர், அம்பாப் பாட்டின் தாளம் எல்லார் கைகளையும் ஒருங்கே இயக்குகின்றது. ஏவலும் உழைப்பும் தாளமும் வெவ்வேறாய் நின்று ஒரு வேலையில் ஒன்றுகூடும் இவ்வொழுங்கே கணினியின் செயலியிலும் அமைந்துள்ளது.

செயலியினுள்ளே உழைப்பது எண்கணிதத் தருக்க அலகு. கூட்டல், கழித்தல், இரண்டு எண்களுள் எது பெரிதென ஒப்பிடுதல் ஆகியன அதன் தொழில்கள். மண்டாடியின் இடத்தில் நிற்பது கட்டுப்பாட்டு அலகு. அது தானாக எதனையும் கணிப்பதில்லை. நினைவகத்திலிருந்து கட்டளைகளை ஒவ்வொன்றாய் எடுத்து, அவற்றின் பொருளைப் பிரித்தறிந்து, உரிய உறுப்பை ஏவுகின்றது. கணக்கின் நடுவே வேண்டப்படும் எண்களைச் சிறிது பொழுது தாங்கி நிற்பன பதிவகங்கள். யாவற்றையும் ஒரே கதியில் நடத்தும் கடிகாரத் துடிப்பை அம்பாவின் தாளத்துக்கு ஒப்பிடலாம்.

கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைக்கும் அமைப்பை யோன் வொன் நியூமன் 1945ஆம் ஆண்டில் அறிக்கையொன்றிலே விளக்கினார். பத்தாண்டு நிறையுமுன், 1954இல், பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் கணினியொன்றைத் தானே ஆக்க முனைந்தது. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன். கணினி அமைத்த முன்னனுபவம் அக்குழுவுக்கு இருக்கவில்லை. எனினும் 1956இல் முன்னோடிப் பொறி இயங்கிற்று. 1960இல் முழுப் பொறியும் நிறைவெய்திற்று. ஏறத்தாழ 2,700 வால்வுகளும், 2,048 சொற்களைக் கொள்ளும் காந்த நினைவகமும் அதில் இருந்தன. 1962இல் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ எனப் பெயர் சூட்டினார்.

ஆனால், அதற்குள் உலகம் வால்வை விடுத்துத் திரான்சிற்றருக்கு மாறிக்கொண்டிருந்தது. அவ்வாறாயின், ஆறாண்டு உழைப்பும் வீணாயிற்றோ எனச் சிலர் வினவலாம். பொறி பழையதாயிற்று, அதைச் செய்து பெற்ற அறிவு பழையதாகவில்லை. 1971இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில், நகமளவான சில்லொன்றில் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்கள் அடங்கின. உருவம் சுருங்கிற்றேயன்றி, ஏவும் உறுப்பு, கணிக்கும் உறுப்பு, தாங்கும் உறுப்பு என்ற பிரிவு மாறவில்லை. அப்பிரிவை அறிந்தவருக்கு வால்வும் சில்லும் ஒரே பாடத்தின் இரு பதிப்புகளே.

2018ஆம் ஆண்டில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி குழுவினர் வகுத்த ‘சக்தி’ என்னும் செயலி, சண்டிகரை அடுத்துள்ள ஆய்வகத்திலே சில்லாக உருப்பெற்றது. பம்பாயில் வால்வுகளைக் கொண்டு கற்ற அதே பாடம் அங்கே வேறு உருவில் தொடர்ந்தது.

இன்று நம் இளைஞர் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியில் டிஃப்ராக்கை விடப் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த செயலி இருக்கின்றது. வாங்கியவனுக்கு அது ஒரு கருவி. அதன் உறுப்புகளையும் அவற்றின் தொழில்களையும் அறிந்தவனுக்கோ அது தானும் செய்து பார்க்கத்தக்க பொருள். கருவிகள் ஆண்டுதோறும் மாறும். எவ்வாறு இயங்குகின்றது என்று கேட்கும் பழக்கமே ஒரு சமுதாயத்துக்கு நிலைத்த முதலாகும்.