அநாதைகளின் தந்தை அருட்தந்தை பிளானகன்

அயர்லாந்தில் 1886-ல் பிறந்த அருட்தந்தை எட்வர்டு பிளானகன், 1917 டிசம்பர் 12-ல் அமெரிக்காவின் ஓமாகா நகரில், கடன் வாங்கிய 90 டாலரில் வீடொன்றை வாடகைக்கு எடுத்து ஐந்து சிறுவர்களுக்கு அடைக்கலம் தந்தார். இனமும் மதமும் பாராது வளர்ந்த அவ்வில்லமே 'சிறுவர் நகர்' ஆயிற்று. பிறவியிலேயே கெட்ட பிள்ளை எவனுமில்லை என்பது அவர் உறுதி.

1946-ல் தாயகம் சென்றபோது, துறவற சபையார் நடத்தியவை உள்ளிட்ட சிறுவர் தொழிற்பள்ளிகளில் பிள்ளைகள் அடிக்கப்படுவதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆட்சியாளர் சினந்தனர், செவிசாய்க்கவில்லை. 1948 மே 15-ல் பெர்லினில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் சொன்னது மெய்யென 2009-ல் விசாரணை அறிக்கை காட்டியது.

2012-ல் ஓமாகா உயர்மறைமாவட்டம் அவருக்குப் புனிதர்பட்ட நடவடிக்கைகளைத் தொடங்கிற்று. அன்புப் பங்குமக்களே, அநாதைக்குச் சோறிடுவது அறம். அவனுக்காக வாய்திறப்பதும் அறமே.