பாராமகால் மலைகளும் சீன மலைநீர் ஓவியமும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கிழக்குச் சமவெளி மெல்ல உயர்ந்து மைசூர்ப் பீடபூமியைத் தொடும் இடத்தில், கிருஷ்ணகிரியைச் சுற்றித் தனித்தனிப் பாறைக்குன்றுகளாக எழுந்து நிற்கும் நிலப்பகுதி முற்காலத்தில் பாராமகால் என வழங்கியது. பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்ட நாடு என்று மரபு அதனைக் கூறும். கணவாய்க்கு மேலே அமைந்த ஒசூர்ப் பகுதி பாலாகாட் எனப்பட்டது. கீழைச் சமவெளியிலிருந்து பீடபூமிக்கு ஏறும் வழிகளைக் காத்து நின்றமையால், இம்மலைகள் நெடுங்காலம் அரசர்களின் கண்ணுக்கும் படைத்தலைவர்களின் கண்ணுக்கும் அரண்களாகவே தோன்றின. இவை முதன்முதலாக ஐரோப்பியத் தாளில் நிலக்காட்சி ஓவியங்களாகப் பதிந்ததும் போரின் வழியாகவே நிகழ்ந்தது.

மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791 சூலையில், ஒசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் கைக்கு வந்தன. கிருஷ்ணகிரிக் கோட்டையின் மீது அவ்வாண்டு நவம்பரில் நடந்த தாக்குதல் தோல்வியுற்றது. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினி வசமானது. கும்பினி அதிகாரி அலெக்சாந்தர் ரீடும் அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோவும் இங்கு நிலத்தை அளந்து வரி வகுக்கத் தொடங்கிய அதே ஆண்டில், தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தார் மகனான வில்லியம் டேனியல் என்னும் இரு ஆங்கில ஓவியர்கள் சென்னையிலிருந்து புறப்பட்டுப் பாராமகால் வழியே சென்றனர். அப்பயணத்தில் தீட்டிய இராயக்கோட்டை, ஜெகதேவி, வீரபத்திர துர்க்கம் ஆகியவற்றின் காட்சிகள், 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்த 144 படங்கள் கொண்ட ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் பெருந்தொகுப்பில் இடம்பெற்றன. செப்புத் தகட்டில் பிசின்தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து, மையின் அடர்த்தியைப் படிப்படியாக மாற்றிக் காட்டும் அச்சுமுறையில் அவை உருவாயின. பின்னர் கையால் வண்ணம் பூசப்பட்டன.

இவ்விருவரும் இந்தியாவுக்கு வரும் வழியில் 1785இல் சீனத்தின் காண்டன் துறைமுகத்தில் தங்கியவர்கள் என்பது இவ்வரலாற்றில் கருதத்தக்க செய்தியாகும். அப்பயணத்தைப் பற்றிய படநூலை அவர்கள் 1810இல் வெளியிட்டனர். ஆயினும் அக்காலத்தில் ஐரோப்பியர் காண்டனில் துறைமுகத்தை ஒட்டிய வணிகக் குடியிருப்பைத் தாண்டி உள்நாடு செல்ல இயலாதிருந்தமையாலும், சீனத்தின் சிறந்த நிலக்காட்சி ஓவியங்கள் அரண்மனையிலும் கற்றோர் இல்லங்களிலும் பேணப்பட்டமையாலும், அவர்கள் பாராமகாலுக்குக் கொண்டுவந்த பார்வை இங்கிலாந்தில் பயின்றதாகவே இருந்தது. ஓவியர் ஓரிடத்தில் நின்று, ஒரு கணத்தில், ஒரு சட்டத்துக்குள் அடங்குவதை வரையும் பார்வை அது. காட்சியைத் தாளில் விழச்செய்து கோடிட உதவும் இருட்பெட்டிக் கருவியையும் அவர்கள் பயன்படுத்தினர். இப்படங்கள் நுட்பமும் அழகும் உடையவை. பாறையின் பருமையையும் மாலை ஒளியையும் உண்மையாகக் காட்டுபவை. எனினும் மலை அவற்றில் எதிரே நிற்கும் பொருளாகவே உள்ளது. காண்பவர் அதற்கு வெளியே நிற்கிறார்.

சீன மரபு இவ்வுறவை வேறுவிதமாக அமைத்தது. ஷான்ஷுய், அதாவது மலைநீர் எனப் பெயர்பெற்ற அவ்வோவிய வகையில், மலை அசையாமைக்கும் நீர் ஓட்டத்துக்கும் உருவாகி ஒன்றையொன்று நிறைவு செய்தன. ஐந்தாம் நூற்றாண்டில் மறைந்த சோங் பிங், முதுமையில் மலையேற இயலாதபோது, தாம் கண்ட மலைகளைத் தம் அறைச் சுவரில் தீட்டி அங்கிருந்தே அவற்றினூடே உலவினார் என்பர். சோங் அரசமரபுக் காலத்து ஓவியரான குவோ ஷி, மலை அடிக்கு அடி வடிவம் மாறுவது என்றும், ஓவியத்து மலை நடந்து திரியவும் தங்கி வாழவும் இடம் தருவதாக இருத்தல் வேண்டும் என்றும் கருதினார். அடிவாரத்திலிருந்து உச்சியை நோக்கும் உயர்தொலைவு, முன்மலையிலிருந்து பின்மலையின் ஆழத்தை நோக்கும் ஆழ்தொலைவு, அண்மை மலையிலிருந்து சேய்மை மலைகளை நோக்கும் சமதொலைவு என அவர் வகுத்த மூன்று தொலைவுகளும் ஒரே ஓவியத்தில் இணையலாம். 1072இல் அவர் தீட்டிய ‘இளவேனில்’ என்னும் பட்டோவியம் இன்று தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தீட்டப்படாத பட்டின் வெறுமையே மூடுபனியாகி மலைகளுக்கு இடையே உலவுகிறது.

இவ்வோவியத்தைக் கவிதை என்று சொல்வது வெறும் புகழ்ச்சியன்று. தாங் காலத்து வாங் வெய் கவிஞராகவும் ஓவியராகவும் விளங்கினார். அவருடைய கவிதையில் ஓவியமும் ஓவியத்தில் கவிதையும் உள்ளன என்று பதினோராம் நூற்றாண்டின் சூ ஷி மதிப்பிட்டார். பேரரசர் ஹுய்சோங்கின் அரண்மனையில் ஓவியர்களைத் தேர்ந்தெடுக்கக் கவிதை வரிகளே தேர்வுப் பொருளாக அளிக்கப்பட்டன. பின்வந்த நூற்றாண்டுகளில் ஓவியத்தின் மீதே கவிதை எழுதுவதும், உடையவர்களும் நண்பர்களும் காலந்தோறும் தம் குறிப்பையும் முத்திரையையும் சேர்ப்பதும் வழக்காயின. சொல்லாமல் விட்டதைப் படிப்போர் உள்ளத்தில் நிறைக்கும் கவிதையின் முறையை, தீட்டாமல் விட்ட வெளியால் ஓவியர் கையாண்டார். நிலத்தை உணர்வின் உறைவிடமாகக் கொண்ட குறிஞ்சித் திணையைக் கற்ற தமிழர்க்கு இது அயலானதன்று. சங்கப் பாட்டில் மலை, காதலரின் உள்ளத்துக்குப் பின்னணியாக நிற்க, சீன ஓவியத்தில் மனிதரே மலையின் உள்ளே சிற்றுருவாக அடங்குவது மட்டுமே பெரிய வேறுபாடு.

பாராமகாலின் பழைய மக்களும் உருவத்தைத் தம் நிலத்தின் மேலேயே பொறித்தனர். பர்கூர் அருகே மல்லப்பாடியிலும், மல்லச்சந்திரத்தின் கற்திட்டைகளிலும், அதாவது பலகைக்கற்களால் எழுப்பிய பெருங்கற்கால ஈமச்சின்னங்களிலும், வெண்ணிற ஓவியங்கள் உள்ளன. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் இறந்த வீரர்க்கு எடுத்த நடுகற்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏராளம். அவற்றுள் பலவற்றில் வீரனின் உருவமும் அவன் செய்தியைக் கூறும் எழுத்தும் ஒரே கல்லில் அமைகின்றன. சீனச் சுருளோவியத்தில் இயற்கையின் உருவம் எழுத்தோடு சேர, இங்கு இறந்தவரின் உருவம் எழுத்தோடு சேர்ந்து மலையடிவாரத்திலேயே நிலைத்தது.

இவற்றை ஒருங்கே நோக்கும்போது, சீன ஓவியச் சுவை இப்பகுதியின் வரலாற்றாய்வுக்கு அளிக்கும் பயன் தெளிவாகிறது. டேனியல்களின் படங்கள் மலையின் ஒரு முகத்தையும் ஒரு காலத்தையும் காட்டும் சிறந்த சான்றுகள். மலையின் மற்ற முகங்களைக் காண நடக்கும் பார்வை வேண்டும். அப்பார்வையில் கிருஷ்ணகிரிக் குன்று கோட்டையாக மட்டுமன்றி, தென்பெண்ணை ஓடும் நிலத்தோடும், கற்திட்டையோடும், நடுகல்லோடும், வழிபாட்டோடும் சேர்ந்த ஒரு முழுமையாகத் தெரியும். 1970களில் ஒசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் நிலத்தின் மதிப்பு ஏக்கர்க் கணக்கிலும், கருங்கல் ஏற்றுமதி வளர்ந்தபின் குன்றின் மதிப்பு கனமீட்டர்க் கணக்கிலும் அளக்கப்படுகிறது. தொழில் இப்பகுதி மக்களுக்கு வாழ்வளித்தது உண்மை. எனினும் படை, வரி, வணிகம் ஆகிய மூன்றும் மலையை வெளியே நின்றே அளந்தன. அதனுள் உலவி, அதன் சொல்லையும் உருவத்தையும் சேர்த்துப் படிக்கும் முறையைக் கற்றாலன்றி, எந்தக் குன்றை வெட்டலாம், எதைக் காக்கவேண்டும் என்று இம்மண்ணின் மக்கள் அறிந்து முடிவு செய்ய இயலாது.