மலைநாட்டுத் தமிழ் மிஷன்: கண்டி இல்லமும் தலவாக்கலைத் தோட்டங்களும்

இலங்கையின் மத்திய மலைநாட்டு வரலாறு பெரும்பாலும் இருவகை ஏடுகளை ஆதாரமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று அரசாங்கத்தின் நிருவாக அறிக்கை. மற்றையது தோட்டத்துரைமார் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பு. மூன்றாவதாக, மிஷனரிமார் இங்கிலாந்திலிருந்த தம் தலைமைச் சங்கத்திற்கு எழுதியனுப்பிய கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் உள. இவற்றைச் சமயப் பரப்பலின் சான்றுகளாக மட்டுமே கருதி ஒதுக்குவது பொருந்தாது. லயத்து வாசலில் நின்று தொழிலாளியோடு தமிழில் உரையாடிய வெள்ளையர் மிகச் சிலரே. அச்சிலரின் பார்வை எவ்வளவு கண்டது, எவ்விடத்தில் மறைக்கப்பட்டது என்பது ஆராயத்தக்கது.

1854ஆம் ஆண்டளவில், கோப்பித் தோட்டத்துரைமார் சிலரின் வேண்டுகோளையடுத்து, திருச்சபை மிஷனரிச் சங்கம் தமிழ்த் தொழிலாளருக்கெனத் தனியொரு பணியைத் தொடங்கிற்று. ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பது அதன் பெயர். இன்று காதுக்குக் கசக்கும் அப்பெயரை அன்றைய ஆவணங்கள் எவ்விதக் கூச்சமுமின்றி வழங்கின. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டனர். அவர்களை மேற்பார்வை செய்ய, திருநெல்வேலியில் ஏற்கெனவே பணியாற்றித் தமிழில் தேர்ச்சி பெற்றிருந்த செப்டிமஸ் ஹாப்ஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். மலைநாட்டின் தலைநகராகிய கண்டியே இப்பணியின் மையமாயிற்று.

மொழி பற்றி ஒரு சொல். துரைமாரும் தமிழ் பேசினர்; ஆனால் அது ஏவலுக்கென அமைந்த தமிழ். சின்னத்துரைமாருக்காகக் கொழும்பில் அச்சிடப்பட்ட கையேடொன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். அந்த இரு சொற்களில் ஒரு சமுதாய அமைப்பே அடங்கிவிடுகின்றது. மிஷனரியோ திருநெல்வேலி வேதாகமத் தமிழைக் கற்றவர். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளரின் காதுக்கு இவ்விரண்டுமே ஓரளவு அந்நியமாகவே ஒலித்திருக்க வேண்டும்.

மிஷனரியின் நாள் தோட்டத்தின் நாளைத் தழுவியே அமைந்தது. விடியுமுன் கொம்பு ஊதப்படும். தொழிலாளர் பிரட்டுக் களத்தில் கூடுவர். கங்காணி ஆட்களை எண்ணி, துரை வேலை பிரித்து, அவர்கள் மலையேறுவதற்கு முன் கிடைக்கும் சில நிமிடங்களே உபதேசியாருக்கும் மிஷனரிக்கும் வாய்த்த பெரிய சபை. குளிரில் கம்பளியைப் போர்த்தி, பசியோடு நிற்கும் கூட்டம் அது. பிரசங்கம் முடிந்ததும் அதே களத்தில் அதே துரையின் அதிகாரக் குரல் எழும். கேட்டவர்கள் இவ்விரு குரல்களையும் வேறுபடுத்தி உணர்ந்தனரா என்ற ஐயம் எழுவது இயல்பே. பகற்பொழுதில் நோயாளரைப் பார்த்தல், லயத்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தல், உபதேசிமாரின் நாட்குறிப்புக்களைப் படித்தல் முதலியன நடைபெறும். கண்டியிலிருந்து திம்புல, டிக்கோயா மலைகளுக்குச் செல்வதென்றால் குதிரையிலும் கால்நடையாகவும் பல நாட் பயணம். மழைக்காலத்தில் அட்டைக்கடி வேறு. புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் தலவாக்கலை வழியாக நானுஓயாவையும் எட்டிய பின்னரே இந்நிலை மாறிற்று.

இவ்வாறு அவர் மலையில் இருக்கும் நாட்களில் கண்டி இல்லத்தை நடத்தியவர் அவருடைய மனைவியார். விருந்தினரை ஏற்றல், பெண்களுக்குத் தையலும் எழுத்தும் கற்பித்தல், பணியாளரின் நோய்க்கு மருந்து கொடுத்தல் என்பன மிஷனரி மனைவியரின் அன்றாடக் கடமைகளாகக் கருதப்பட்டன. இவற்றுக்குத் தனிச் சம்பளம் இல்லை. சங்கத்தின் ஊழியர் பட்டியலில் அவருக்குத் தனியிடமும் இல்லை. ‘இன்னாரின் மனைவி’ என்ற அளவில் அவர் நின்றுவிடுகிறார். மணமாகாத பெண் மிஷனரிமார் வந்த பின்னரே பெண்ணின் உழைப்பு அறிக்கையில் தனித் தலைப்புப் பெற்றது. கண்டியில் 1890இல் அத்தகையோர் தொடங்கிய ஹில்வுட் பாடசாலை இதற்கு எடுத்துக்காட்டு. அதுவும் கண்டிப் பிரதானிகளின் பெண்மக்களுக்காகவே எழுந்தது; கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் மகளுக்காக அன்று.

மிஷனின் அடிப்படைச் சிக்கல் பணத்தில் இருந்தது. உபதேசிமாரின் சம்பளத்திற்குத் துரைமாரின் சந்தா வேண்டியிருந்தது. ஒருவர் தோட்டத்தில், அவர் அனுமதியோடு, அவர் பணத்தில் போதிப்பவர், அத்தோட்டத்துச் சம்பள நிலுவையையோ பெரட்டுக் களத்துப் பிரம்படியையோ எவ்வளவு தூரம் கண்டித்துப் பேச இயலும்? இவ்விணைப்பு பின்னர் திருச்சபைக்குள்ளேயே பெரும் பூசலாக வெடித்தது. 1876இல் கொழும்பு அத்தியட்சர் ரெஜினால்ட் கோப்பிள்ஸ்டன், தோட்டங்களிலுள்ள தமிழ் உபதேசிமார் யாருடைய மேற்பார்வையில் இயங்க வேண்டும் என்ற வினாவை எழுப்பி, சங்கத்து மிஷனரிமாரின் உரிமப் பத்திரங்களைத் திரும்பப் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபைத் தலைவர்களின் கருத்துரை 1880இல் கிடைக்கும்வரை சச்சரவு ஓயவில்லை. உபதேசியாரை ஆள்வது அத்தியட்சரா, மிஷனரியா என்று இரு தரப்பினரும் வாதிட்டனர். அவ்வுபதேசியாரின் விருப்பம் யாது என்பது அவ்வாதத்தில் இடம்பெறவேயில்லை.

பொருளாதார மாற்றமும் இதனோடு சேர்ந்தது. கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். ஓராண்டு கற்றவர் மறு ஆண்டு வரமாட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது சந்தா கொடுத்த துரைமார் பலர் கடனாளிகளாயினர். தேயிலை வந்ததும் ஆண்டு முழுவதும் வேலை, குடும்பத்தோடு குடியிருப்பு என்ற நிலை உருவாயிற்று. நிலையான சபைக்கும் பள்ளிக்கும் அப்போதுதான் வழி பிறந்தது. அட்டனில் 1892இல் தொடங்கிய மெதடிஸ்த பாடசாலை இக்காலத்ததே. தலவாக்கலையை அடுத்த மடகும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அட்டனில் மெதடிஸ்த கல்லூரியில் பயின்றவர். பின்னர் லயத்து வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். மிஷன் கொடுத்த எழுத்து, மிஷன் எழுதத் துணியாததை எழுதப் பயன்பட்டது.

இதே மலைகளில் 1930களில் மற்றொரு தம்பதியர் உலவினர். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யரும் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாளுமே அவர்கள். 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த நடேசய்யர், அனுமதியின்றித் தோட்டத்துள் நுழைதல் குற்றமாயிருந்தமையால் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குச் சென்றதாகக் கூறுவர். மீனாட்சி அம்மாள் மக்களறிந்த மெட்டுக்களில் தாமே பாட்டுக்கட்டி மேடைகளில் பாடினார். அவை சிறு நூல்களாக அச்சாகியும் பரவின. மிஷனரி துரையின் அனுமதியோடு பிரட்டுக் களத்தில் நின்றார். இவர்களோ அவ்வனுமதி இல்லாமலே லயத்தை அடைந்தனர். மிஷனரியின் மனைவியார் கண்டி இல்லத்துள் பெயரின்றி மறைந்தார். மீனாட்சி அம்மாளின் பெயர் அவர் பாட்டு நூல்களின் முகப்பிலேயே அச்சாகி நிற்கின்றது.