கொடையாளர் குருத்தணு மாற்றும் இரத்த உயிர்க்குறிப்பான்களும்

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களைக் கொடையாளர் ஒருவரிடமிருந்து பெற்று நோயாளிக்குச் செலுத்தும்போது, அவற்றோடு கலந்துவரும் டி-செல்கள் புதிய உடலை அயலெனக் கருதித் தாக்குவதே ஒட்டு எதிர் ஓம்புநர் நோயாகும். இது யாருக்குக் கடுமையாகும் என்பதை முன்கூட்டியே உணர்த்தும் இரத்தப் புரதங்கள் உயிர்க்குறிப்பான்கள் எனப்படுகின்றன.

கதிர்வீச்சுக்குப் பின் வேற்று மஜ்ஜை பெற்ற எலிகளிடம் 1950களில் காணப்பட்டு 'இரண்டாம் நோய்' எனப்பட்ட இந்நோயை மனிதரிடத்தில் அளவிட, சியாட்டில் நகரக் குழுவினர் 1974இல் ஒரு தரவரிசையை வகுத்தனர். தோல் தடிப்பு எவ்வளவு பரவியுள்ளது, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் பிலிருபின் எவ்வளவு ஏறியுள்ளது, வயிற்றுப்போக்கின் அளவு என்ன என்பவற்றைக் கொண்டு நோயை நான்கு படிகளாகப் பிரித்த அம்முறை இன்றும் அடிப்படையாக உள்ளது. எனினும் அது அன்றைய நிலையைக் காட்டுமேயன்றி, ஸ்டீராய்டு சிகிச்சைக்கு நோய் இணங்குமா என்பதைச் சொல்லாது. ஒரே அளவு தடிப்போடு வரும் இருவருள் ஒருவர் தேற, மற்றவர் இறப்பதற்கு அதனிடம் விளக்கமில்லை.

இக்குறையைப் போக்கும் முயற்சி 1990 அளவில் டி.என்.எஃப். போன்ற அழற்சிப் புரதங்களைத் தனித்தனியே அளப்பதாகத் தொடங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சோஃபி பாக்செஸ்னி, ஜேம்ஸ் ஃபெராரா ஆகியோரின் குழு 120 புரதங்களை ஒருசேர ஆராய்ந்து, நான்கு புரதங்கள் கொண்ட தொகுதியை 2009இல் வெளியிட்டது. அவை பெரும்பாலும் உடல் முழுவதற்குமான அழற்சியின் அடையாளங்களாதலால், தாக்கப்பட்ட உறுப்பையே காட்டும் புரதம் தேடப்பட்டது. தோலுக்கு எலாஃபின் 2010இலும், குடலுக்கு ரெக்-3-ஆல்ஃபா 2011இலும் கிடைத்தன. பின்னதன் இயல்பு கவனத்துக்குரியது: சிறுகுடல் மடிப்புகளின் அடியிலுள்ள பேனெத் அணுக்கள் பாக்டீரியாவைக் கொல்லச் சுரக்கும் இப்புரதம், குடலின் உட்பூச்சு சிதையும்போது இரத்தத்துள் கசிகிறது, எனவே அதன் அளவு, எண்டோஸ்கோப்பி செலுத்தி எடுக்கும் சிறு திசுத்துண்டு காட்ட இயலாத மொத்தச் சேதத்தையே குறிக்கிறது. 2013இல் குறிப்பானாகக் கண்டறியப்பட்ட எஸ்.டி.2 என்னும் புரதம் இன்னும் வலுவானதாயிற்று; சிகிச்சை தொடங்கும்போது அது மிகுந்திருந்தவர்கள் ஆறு மாதத்துள் இறக்கும் வாய்ப்பு ஏனையோரைப்போல் 3.7 மடங்காக இருந்தது.

எஸ்.டி.2, ரெக்-3-ஆல்ஃபா ஆகியவற்றோடு டி.என்.எஃப். ஏற்பி-1ஐயும் சேர்த்து 2015இல் அமைக்கப்பட்ட ஆன் ஆர்பர் மதிப்பெண், நோயாளிகளை ஆபத்தின் ஏறுவரிசையில் மூன்று பிரிவாக்கியது. மாற்றுச் சிகிச்சைக்குக் காரணமான புற்றுநோய் மீளாமலே நேரும் மரணம் அவற்றில் முறையே 8, 27, 46 விழுக்காடாக இருந்தது. அடுத்த இரண்டாண்டுகளில், அறிகுறி தோன்றுமுன்பே, மாற்றுக்குப் பின் ஏழாம் நாள் இரத்தத்தில் முதலிரண்டு புரதங்களை மட்டும் அளந்தே ஆபத்தைக் கணிக்கலாமென 1,287 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது: ஆபத்து மிகுந்தோரில் 28 விழுக்காட்டினரும், குறைந்தோரில் 7 விழுக்காட்டினரும் அத்தகைய மரணத்துக்கு உள்ளாயினர்.

முன்னறிதல் சிகிச்சையாக மாறுவது மட்டும் இவ்வளவு எளிதாக அமையவில்லை. ஆபத்து மிகுந்தோருக்கு ஆல்ஃபா-1 ஆண்டிட்ரிப்சின் என்னும் புரதத்தை முற்காப்பாகக் கொடுத்த சோதனை, ஸ்டீராய்டுக்கு அடங்காத நோயைக் குறைக்கவில்லை. பயன் முதலில் தெரிந்தது எதிர்த்திசையில்தான்: ஆபத்துக் குறைந்தவரென இக்குறிப்பான்களும் மருத்துவ அறிகுறிகளும் ஒருங்கே காட்டியவர்களுக்கு, 2020இல் வெளியான சோதனையில், ஸ்டீராய்டுக்கு மாற்றாகச் சிரோலிமஸ் என்னும் மருந்து கொடுக்கப்பட்டபோது நோய் ஏறக்குறைய அதே அளவில் கட்டுப்பட்டது. தொற்று, எலும்புத் தேய்வு, சர்க்கரை ஏற்றம் ஆகியவற்றை விளைவிக்கும் நீண்ட ஸ்டீராய்டு சிகிச்சையிலிருந்து அது தேவைப்படாதோரை விடுவிப்பது, நோய் கடுமையானோரைக் காப்பதற்கு நிகரான மருத்துவக் கடமையாகும். இன்றைய சோதனைகள் பலவும் இக்குறிப்பான்களின்படியே நோயாளிகளைப் பிரித்துச் சேர்க்கின்றன.