ஊருணியில் கால் வைக்காதே

ஊருணி என்னும் ஊர்க்குளத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதல் வரியிலேயே திருக்குறளில் இறங்கிவிடுவார்கள். நான் கரையோடு நின்றுகொள்கிறேன். முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதுதான் பழக்கம். செருப்பைக் கரை மேலேயே கழற்றிவிட வேண்டும். காய்ந்திருக்கும் கடைசிப் படியில் நின்று, குனிந்து, குடத்தைச் சாய்த்து மொள்ள வேண்டும். தண்ணீரில் கால் பட்டால் பார்க்கிற கிழவி யாராக இருந்தாலும் திட்டுவாள். சொந்தக் கிழவியாக இருக்க வேண்டும் என்பதில்லை. துவைப்பதற்கும் குளிப்பதற்கும் வேறு ஊருணி. மாட்டுக்குப் பாசனக் கண்மாய்.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. எங்கள் இராமநாதபுரம் சீமையில் தோண்டினால் பல இடங்களில் உப்பு. அரசு உத்தியோகத்தில் யாரையாவது தண்டிக்க வேண்டுமென்றால் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்’ என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு நாங்கள்தான். மழையே இல்லாத ஊரும் அல்ல. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரை அடுத்த ஆடி ஆவணி வரைக்கும் வைத்துக் குடிக்க வேண்டும். நிலத்துக்குள் விட்டால் உப்பாகிவிடும். ஆகவே நிலத்துக்கு மேலேயே, களிமண் தரையில், தேக்கி வைத்தார்கள்.

வைகை இந்தச் சீமையில் கடலைப் பார்ப்பதே அபூர்வம். வருகிற வழியெல்லாம் கண்மாய்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து முடிந்துபோகிற ஆறு அது. கண்மாய் பெருகினால் அதிலிருந்து ஒரு வாய்க்கால் ஊருணிக்குப் போகும். கண்மாய் இல்லாத இடத்தில், ஆடு மாடு அடையாத மேட்டு நிலத்து மழைநீரை வரத்துக்கால் வழியாகக் கொண்டுவருவார்கள். சில ஊர்களில் ஊருணியின் நடுவிலேயே ஒரு கிணறு இருக்கும். கோடையில் ஊருணி வற்றினாலும், அடி மண்ணில் ஊறிய நல்ல தண்ணீர் கிணற்றுக்குள் கசிந்து நிற்கும். கல்லும் காசும் தாராளமாகப் புழங்கிய காரைக்குடிப் பக்கத்தில் நகரத்தார் செம்புறாங்கல்லால் சுவரெடுத்துப் படி கட்டிய ஊருணிகளைப் பார்த்தால் கோயில் தெப்பம் மாதிரி இருக்கும். எங்கள் ஊரில் அவ்வளவு அழகெல்லாம் கிடையாது. நாலு பக்கமும் மண்கரை, ஒரு பக்கம் மட்டும் படி.

தண்ணீரின் நிறமோ பால் விட்ட தேநீர். அதை அப்பத்தா குடிதண்ணீராக்கும் விதம் எனக்கு இன்னும் கைப்பழக்கமாக இருக்கிறது. வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்துப் பானை வாயில் கட்டி வடிகட்டுவாள். அதற்கு முன்பே தேத்தாங்கொட்டை ஒன்றை எடுத்து, மண்பானையின் உள்சுவரில் வட்டவட்டமாக உரைத்திருப்பாள். சொரசொரவென்று சத்தம் கேட்கும். கொட்டை கரைந்து வழவழப்பாகப் பானையில் ஒட்டும். ராத்திரி ஊற்றி வைத்தால் விடியும்போது சேறெல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிந்து நிற்கும். அசைக்காமல் மேல்தண்ணீரை மட்டும் செம்பில் மொள்ள வேண்டும். அடியில் மிஞ்சியது முருங்கைக்குப் போகும். ஒரு சொட்டு வாசலில் சிந்தினாலும், “தாயி, அது கஞ்சித் தண்ணியா, கொட்டுறதுக்கு?” என்பாள்.

துணியில் வடிகட்டுவதற்கும் காலை நனைக்காததற்கும் என்ன அர்த்தம் என்பது, ஆசிரியர் வேலைக்கு வந்து சுகாதாரப் பாடம் நடத்தும்போதுதான் எனக்குப் புரிந்தது. நரம்புச் சிலந்தி என்றொரு நோய் தமிழ்நாட்டிலும் இருந்தது. புழு வெளியே தலைநீட்டும் காலோடு ஒருவர் தண்ணீரில் இறங்கினால், அதன் குஞ்சுகள் நீரில் கலந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்ப்பூச்சிகளுக்குள் புகுந்துகொள்ளும். அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தவருக்கு ஒரு வருடம் கழித்துக் காலில் புழு. கால் நனையாமலும் துணியில் வடிகட்டியும் குடித்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். இந்தியாவில் கடைசி நோயாளி பதிவானது 1996-ல். நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2000-ல். கிழவிகளின் திட்டுக்கும் அதில் பங்கு கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஊருணிக் காவலுக்கு ஓர் ஆள் இருந்தார். களத்தில் நெல் அளக்கும்போது அவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவார்கள். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வரத்துக்காலைச் செதுக்க வேண்டும். இந்தக் குடிமராமத்து எல்லாம் மனமுவந்து செய்தது என்று இப்போது பேசுகிறோம், அவ்வளவு இனிப்பில்லை. கண்மாய் வேலைக்கு வராதவரிடம், அவர் செய்யாத வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கக் கம்பெனி சர்க்கார் 1858-ல் சட்டமே போட வேண்டியிருந்தது.

இன்னொரு கசப்பும் உண்டு. எங்கள் ஊருணிப் படியில் அப்போது காலனிப் பெண்கள் இறங்க முடியாது. வெறுங்குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள்; யாராவது மொண்டு ஊற்ற வேண்டும். பொதுக் குளத்தில் யாரையும் தடுப்பது குற்றம் என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் கரைக்கு அது வந்துசேர வெகுகாலம் ஆனது. பழைய நீர் நிர்வாகத்தைப் புகழ்கிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாம் வேகமாக மாறியது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து கண்மாய்கள் சர்க்கார் கைக்குப் போயின. பெரியவை பொதுப்பணித் துறைக்கு, 40 ஹெக்டேருக்குக் குறைவான பாசனம் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. காவல்காரர் பங்கு நின்றது. கைப்பம்பு வந்தது, பாதி இடங்களில் உப்புத் தண்ணீர். 2009-ல் திருச்சிப் பக்கமிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. குழாய் மேட்டில் யாரும் யாரையும் தள்ளி நில் என்று சொல்ல முடியாது. அந்த ஒன்றுக்காகவே குழாய்க்குக் கும்பிடு போடுவேன். ஆனால் குழாய் வந்ததும் ஊருணியை எல்லாருமாகச் சேர்ந்து கைகழுவினோம். இன்று குழாய் வராத நாளில் நாலைந்து பிளாஸ்டிக் குடம் ஏற்றிய தள்ளுவண்டியோடு லாரிக்குக் காத்திருக்கிறோம். ஒவ்வொரு குடத்துக்கும் காசு.

இப்போது ஊருணி தூர்வாருவது மறுபடி நடக்கிறது, நல்லதுதான். ஆனால் பொக்லைனை இறக்கிப் பத்தடி, பதினைந்தடி என்று பறித்துவிடுகிறார்கள். களிமண் அடுக்கு கிழிந்தால் தண்ணீர் கீழே போய்விடும், இல்லாவிட்டால் கீழே இருக்கிற உப்பு மேலே வரும். வரத்துக்காலோ சீமைக்கருவேலத்துக்கு அடியில் மூடிக் கிடக்கிறது; சில இடங்களில் அதன் மேல் வீடே நிற்கிறது. குழி ஆழமாகிவிட்டது, தண்ணீர் வர வழியில்லை.

ஆகவே உங்கள் ஊர்க் கரையில் பொக்லைன் வந்து நின்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை அடி தோண்டப் போகிறீர்கள்? வரத்துக்கால் எங்கே இருக்கிறது? இரண்டாவதற்குப் பதில் வராவிட்டால், வண்டியை முதலில் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.