விடுதி

விடு என்னும் வினையோடு ‘தி’ விகுதி சேர்ந்து பிறந்த பெயர். மற – மறதி, கெடு – கெடுதி போல, விடு – விடுதி. விடுதல் என்றால் நீங்குதல் மட்டுமல்ல; வழிநடையை விட்டுத் தங்குதலும் அதில் அடங்கும். முதலெழுத்து நீண்டால் அதே வினை ‘வீடு’ ஆகும். படை தங்கிய இடம் படைவீடு.

ஆகவே விடுதி என்பது நிலையான குடியிருப்பு அல்ல, வந்து தங்கிப் போகும் இடம். பயணியர் விடுதி, உணவு விடுதி, மாணவர் விடுதி என அடைமொழியே அதன் வகையைச் சொல்கிறது. இலங்கையில் மருத்துவமனை வார்டும் ‘நோயாளர் விடுதி’தான்.

மாணவர் விடுதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘ஹாஸ்டல்’ இலத்தீன் வழி வந்தது. விருந்தினர், விருந்தளிப்பவர் இருவரையும் குறித்த ‘ஹோஸ்பெஸ்’ என்ற சொல்லே ஹாஸ்டல், ஹோட்டல், ஹாஸ்பிடல் மூன்றுக்கும் மூலம்.

கல்லூரி வளாகத்தில் பேச்சுக்கு ஹாஸ்டல், பெயர்ப்பலகைக்கு விடுதி. சேப்பாக்கத்தில் மாநிலக் கல்லூரி மாணவர்கள் தங்குவது ‘விக்டோரியா மாணவர் விடுதி’. சென்னை ஐ.ஐ.டி.யிலோ காவேரி, கோதாவரி, நர்மதா, தாமிரபரணி என்று ஆற்றுப் பெயர்களே விடுதிப் பெயர்கள். “நான் நர்மதா” என்றால் அங்கே முகவரி சொன்னதாகும். வார்டனுக்கு ‘விடுதிக் காப்பாளர்’ நிலைத்துவிட்டது. மெஸ் மட்டும் மெஸ்ஸாகவே இருக்கிறது.

எழுதும்போது வெறும் ‘விடுதி’ லாட்ஜையும் குறிக்கும். ‘மாணவர் விடுதி’ என்று முழுமையாக எழுதுவதே தெளிவு.